இணைச்சேய்

பதினொரு மணிச் சங்கு ஊதியதும் உப்பளத்தில் வேலை நின்றது. இனி மாலை நான்கு மணி வரை திறந்த வானத்தின் கீழ் யாரும் நிற்கக் கூடாது, அது சட்டம். பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகைகளை வரப்பில் போட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேகவேகமாக வீடுகளுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிப்பித்தேரியில் அந்த நேரத்தில் வெளியே நடக்க அனுமதி பெற்றவள் பிலோமினா ஒருத்திதான். நீரோடும் குழாய்கள் தைத்த குளிர்சட்டையை அணிந்து, தோளில் எடைப்பெட்டியும் கையில் டேப்லெட்டுமாக, அவள் முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள்.

அவள் வேலைக்குச் 'சேய் அளவர்' என்று பெயர். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மாதம் ஒருமுறை போவாள். பிள்ளையைப் பலகையில் கிடத்தி நீளம் எடுப்பாள், எடை போடுவாள், மேற்கையின் சுற்றளவு பார்ப்பாள், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். பிறகு என்ன சாப்பிட்டது, எத்தனை நாள் வயிற்றால் போனது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தாய் எத்தனை மணி நேரம் வேலைக்குப் போனாள் என்று நாற்பத்தொரு கேள்விகள். வறுமை விலகாத பதினேழு நாடுகளில் ஒரே மாதிரி நடக்கும் தாய் சேய் ஆய்வு அது. பயிற்சியின் முதல் நாளே அளவர்களுக்கு ஒரு விதியைச் சொல்லிவிடுவார்கள்: அளக்கலாம், சொல்லக் கூடாது.

ஏழாவது வீடு சந்தனமாரியுடையது. இருபத்து நான்கு வயதுப் பெண். கணவன் தவசி நடுக்கடலில் காற்றாலைகளுக்கு வண்ணம் அடிக்கப் போயிருந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கரைக்கு வருவான்.

"வாங்கக்கா, வெயிலுல நிக்காதீய."

பிலோமினா உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். எடைப்பெட்டியைத் திறக்கவில்லை. டேப்லெட்டைத் தட்டினாள்.

"வீட்டுல அஞ்சு வயசுக்குள்ள எத்தன பிள்ளைங்க?"

கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. டேப்லெட் குரலையும் பதிவு செய்யும்.

"இல்ல" என்றாள் சந்தனமாரி. போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் சொன்ன அதே குரல்.

அவள் மகள் பூவிகா வைகாசியில் இறந்திருந்தாள். பத்தொன்பது மாதக் குழந்தை. எழுபத்து நாலு சென்டிமீட்டர், ஏழரைக் கிலோ. வரப்பு ஓரத்துக் கொட்டகையில் சேலைத் தொட்டிலில் கிடந்தபடி லாரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளை. வயிற்றால் போகத் தொடங்கிய இரண்டாவது நாள் கண் செருகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அதற்கு வேலை இல்லை. அதற்கு நான்கு மாதம் முன்பே பூவியின் வளர்ச்சிக் கோடு சரிவதைப் பிலோமினா பார்த்திருந்தாள். சிவப்பைத் தொட்டால் மருத்துவருக்குத் தகவல் கொடுக்கலாம். பூவியின் கோடு சிவப்பைத் தொடவே இல்லை. மஞ்சளிலேயே நடந்து முடிந்துபோனது. விதிப்படி பிலோமினா வாயைத் திறக்கவில்லை.

கேள்விகள் முடிந்ததும் அவள் எழுந்தாள். சந்தனமாரி கதவை மறித்தாற்போல நின்றாள்.

"நாலு மாசமா கேக்கணும்னு இருக்கேன். பிள்ளையே இல்ல. எந்தத் தண்ணி குடிச்சோம், ஊருல யாருக்குக் காய்ச்சல், எத்தன நாள் அனல் அடிச்சுதுன்னு எல்லாம் கேக்குதீய. யாருக்காகக்கா இதெல்லாம்?"

"ஆபீசுல கேக்கச் சொல்றாங்க மாரி."

"ஆபீஸ் இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

பிலோமினா டேப்லெட்டை அணைத்தாள். ஆறு வருட வேலையில் ஒரு வீட்டுக்குள் அவள் அதை அணைத்தது அதுவே முதல் தடவை.

முன்பெல்லாம் இத்தகைய ஆய்வுகளில் ஒரு ஊருக்குச் சத்துணவு கொடுப்பார்கள். பக்கத்து ஊருக்குக் கொடுக்கமாட்டார்கள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் அளந்து வித்தியாசம் பார்ப்பார்கள். ஒப்பிடுவதற்காக ஒரு ஊரைச் சும்மா விட்டுவைப்பது அநியாயம் என்று உலகம் முழுக்கக் குரல் எழுந்தது. அதன் பிறகு வந்ததுதான் கணிப்பி. தாயின் உயரம், தந்தையின் உடல்வாகு, குழந்தையின் ஒரு சொட்டு ரத்தம், ஊரின் காற்று, வெயில், கிருமி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, இதே குழந்தை பற்றாக்குறை இல்லாமல் வளர்ந்திருந்தால் இன்று எப்படி இருக்கும் என்று அது சொல்லிவிடும். அப்படிக் கணிப்பிக்குள் வளரும் குழந்தைக்கு 'இணைச்சேய்' என்று பெயர் வைத்தார்கள். உண்மைப் பிள்ளைக்கும் இணைச்சேய்க்கும் உள்ள இடைவெளிதான் வறுமையின் அளவு. இனி ஒப்பீட்டுக்காக யாரையும் பட்டினி போட வேண்டியதில்லை என்று அன்று எல்லாருமே மகிழ்ந்தார்கள்.

பிலோமினா இதைத் தனக்குத் தெரிந்த பேச்சில், தட்டுத் தடுமாறிச் சொன்னாள். கடைசியாக, "பிள்ள போயிட்டாலும் இணைச்சேய நிறுத்த மாட்டாங்க மாரி. அஞ்சு வயசு வரைக்கும் ஓட்டுவாங்க. என்ன இழந்தோம்னு தெரியணுமாம்" என்றாள்.

சந்தனமாரி கதவை விட்டு விலகி வந்தாள்.

"அப்ப எம்புள்ள அங்க வளருதாளா?"

"பிள்ள இல்ல மாரி. வெறும் நம்பர். முகம் கிடையாது, குரல் கிடையாது."

"வளருதாளா இல்லியா?"

"வளருது."

"இப்ப எம்புட்டு உசரம்?"

சொல்லக் கூடாது. பிலோமினா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"எண்பத்து மூணு."

சந்தனமாரி கையைத் தரையிலிருந்து மெல்ல உயர்த்தினாள். எண்பத்து மூன்று சென்டிமீட்டர் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. பிலோமினா எட்டி அந்தக் கையைப் பிடித்து, சரியான உயரத்தில் நிறுத்தினாள். கீழே காலியாக இருந்த இடத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் மாதாமாதம் சந்தனமாரி அவளுக்காகக் காத்திருந்தாள். மழை வந்து உப்பளம் மூடிக் கிடந்த கார்த்திகையிலும் முழங்கால் தண்ணீரில் நின்று வழி பார்த்தாள். நாற்பத்தொரு கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வாள். பிறகு அவள் கேட்பாள். எத்தனை பல்? மாடிப்படி ஏறுவாளா? எத்தனை சொல் பேசுவாள்? கணிப்பிக்குத் தெரிந்ததைப் பிலோமினா சொல்வாள்.

"மாடிப்படியா? இங்க ஏது மாடி?" என்று ஒருநாள் கேட்டாள் பிலோமினா.

"அங்க இருக்கும்லாக்கா." சந்தனமாரி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "நான் ஒரு வீட்ட நெனச்சு வச்சிருக்கேன். தூத்துக்குடியில பீச் ரோட்டுல பெரிய வீடு. எல்லா ரூமுலயும் ஏசி. பூவிக்கு ஒரு தனி ரூம். கப்பல்ல வருமே பச்சப் பழம், அதச் சின்னச் சின்னதா வெட்டிக் குடுப்பாவ. யாரோ நல்லவிய கையிலதான் வளருதா. அப்படி நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

பிலோமினா ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அந்த வீட்டையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஆறு வருடமாக அவளும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பி வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. 'பற்றாக்குறையற்ற வாழ்வு' என்று ஆய்வில் எழுதியிருந்ததைப் படித்ததும் ஏதோ எட்டாத ஒன்று என்று விட்டுவிட்டாள். அதை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்று பார்த்ததே இல்லை. பேருந்திலேயே டேப்லெட்டைத் திறந்து தேடினாள். கையேட்டின் பின்னிணைப்பு ஏழில் அது இருந்தது. ஒரே ஒரு பக்கம். பதினொரு வரிகள்.

மறுமாதம், மாசியில், அதைச் சந்தனமாரியிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனாள். கதவைச் சாத்தியதும் டேப்லெட்டை அணைத்தாள். பட்டியலைக் கையால் ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தாள்.

"மாரி, பூவியோட இணை எப்படி வளருதுன்னு இதுல போட்டிருக்கு. படிக்கவா?"

சந்தனமாரி கைவேலையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வயித்துல இருக்கும்போது தாய் அஞ்சாம் மாசத்துல இருந்து பாரம் தூக்கல. இரும்புச்சத்து மாத்திர தவறல. தினம் ஒரு வேளை மீனோ முட்டையோ சாப்பிட்டா. பிறந்து ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும். தாய் பக்கத்துலயே இருந்தா. அப்புறம் தினம் ஒரு முட்டை, பருப்பு, ஒரு கரண்டி எண்ணெய், ஒரு பிடி கீரை. கொதிச்சு ஆறின தண்ணி. சோப்புப் போட்டுக் கழுவின கை. காலை ஒன்பது மணிக்கு மேல பிள்ளையும் தாயும் வெயில்ல இல்ல. வயித்தால போனா ஒரு மணி நேரத்துக்குள்ள உப்புச் சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை..."

"பெரிய வீடு?"

"இல்ல. ஒழுகாத கூரைன்னு மட்டும் போட்டிருக்கு."

"ஏசி?"

"இல்ல."

"கப்பல் பழம்?"

பிலோமினா தலையை ஆட்டினாள்.

"நீங்க விட்டுட்டீய. இன்னொரு தடவ நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன் மாரி. இவ்வளவுதான்."

சந்தனமாரி அந்தத் தாளை வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் அவளுக்கு. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தாள். பிறகு தலை நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள். தகரக் கூரையை, மண் பானையை, மூலையில் இருந்த அடுப்பை, பாயை. புதிதாக வந்தவளைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்ப அவ வேற எங்கயும் இல்லியே அக்கா," என்றாள். "இங்கதான இருக்கா. இந்த வீட்டுலதான."



"இம்புட்டுதானா? ஒரு முட்டயும் ஒரு பிடி கீரையுமா?" என்று கேட்டுவிட்டு அவள் அழத் தொடங்கினாள். பூவியைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை என்று பிறகு பக்கத்து வீட்டு ராஜகனி சொன்னாள். அழுகைச் சத்தம் கேட்டு வெயிலையும் பாராமல் ஓடி வந்தவள் அவள்தான். இடுப்பில் அவள் மகன் ஆல்வின் இருந்தான். பதினாறு மாதம். பிலோமினாவின் டேப்லெட்டில் அவன் கோடும் மஞ்சளில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

சந்தனமாரி அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். ஆல்வினைப் பார்த்தாள். பிறகு தாளை ராஜகனியிடம் நீட்டினாள்.

"இதப் படி."

ஒரே வாரத்தில் அந்தத் தாள் சிப்பித்தேரி முழுக்கச் சுற்றிவிட்டது. பங்குனியில், உப்பு நன்றாக விளைந்து கிடந்த நேரத்தில், பெண்கள் நாற்பது பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகமாக எதுவும் கேட்கவில்லை. இரண்டு வயதுக்குள் பிள்ளை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஒன்பது மணிக்கு வேலையை விட வேண்டும். பிள்ளைகளை விட்டுச்செல்ல ஒழுகாத கூரை போட்ட ஒரு அறை. அங்கே கொதிக்கவைத்த தண்ணீர், முட்டை, பருப்பு, பார்த்துக்கொள்ள ஒருத்தி. உப்பளத்து முதலாளி முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாள் கத்தினார், நான்காம் நாள் மேகம் திரண்டதும் இறங்கி வந்தார்.

"இது நீங்களா எழுதினது இல்லியே? பெரிய ஆராய்ச்சிக்காரங்க எழுதினதுதானே?" என்று அந்தத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஆராய்ச்சி நிறுவனத்தின் பட்டியல் என்பதால் சம்மதிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிறுவனத்தோடு மோத அவருக்கு விருப்பமில்லை.

பிள்ளைகள் அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சந்தனமாரி ஏற்றுக்கொண்டாள். ஒன்பது குழந்தைகள். சித்திரையில் ஆல்வினின் கோடு சரிவதை நிறுத்தியது. வைகாசியில் நிமிர்ந்தது. ஆனியில் ஒன்பது பேருடைய இடைவெளியும் சுருங்கியிருந்தது. அதைப் பார்த்தபோது பிலோமினாவுக்கு மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாகவே வந்தன. அவள் பார்த்ததைச் சர்வரும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆடி பிறந்ததும் டாக்டர் வேதமுத்து வந்தார். ஆய்வின் மண்டலத் தலைவர். நல்ல மனிதர், எந்த அளவரையும் அவர் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் அறை வாசலில் நின்று, சந்தனமாரி ஒரு குழந்தைக்கு ஊட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிலோமினா, நீங்க சொல்லிட்டீங்க" என்றார்.

"ஆமா டாக்டர்."

"இந்த ஊர் கலப்பாயிடுச்சு. இனி இதோட டேட்டாவை எடுக்க முடியாது. இன்னும் மூணு வருஷம் பொறுத்திருந்தா, பதினேழு நாட்டுக்கும் சட்டமே வந்திருக்கும். இந்த அறை மாதிரி லட்சம் அறை. அதுக்குச் சான்று வேணும். தெரிஞ்சுக்கிட்ட ஊர் சான்று சொல்ல முடியாது."

"மூணு வருஷத்துல ஆல்வின் இருந்திருப்பானா டாக்டர்?"

 அவருக்கும் அந்தக் கோடு தெரியும். வெளியே போய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. அவர் சந்தனமாரியிடம் பேசினார்.

"ஊரை ஆய்வுல இருந்து எடுத்துட்டா எல்லா இணையும் நின்னுடும்மா. உங்க பிள்ளையோடதும்தான். ஆனா உங்க வீட்டை மட்டும் என்னால காப்பாத்த முடியும். அங்க கலக்கறதுக்குக் குழந்தை இல்லை. அந்தத் தாளை யாரும் தரலை, அது நிறுவனத்துப் பட்டியலே இல்லை, ஊர்ல யாரோ கிளப்பின பேச்சுன்னு நீங்க எழுதிக் கொடுத்தாப் போதும். அஞ்சு வயசு வரைக்கும் பூவிகாவை ஓட்டறேன். பிலோமினா வேலையும் போகாது."

 எழுதிக் கொடுத்துவிடு என்று சொல்லப் பிலோமினாவுக்கு வாய் வரை வந்தது. வேலைக்காக இல்லை. ஒவ்வொரு மாதமும் தான் சொல்லும் எண்களைக் கேட்கும்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"அப்படி எழுதிக் குடுத்தா முதலாளி என்ன செய்வாரு?" என்று கேட்டாள் சந்தனமாரி.

டாக்டர் தயங்கினார். "அது எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். அன்னைக்கே இந்த ரூம இழுத்துப் பூட்டுவாரு." அவள் மடியிலிருந்த குழந்தையின் வாயைத் துடைத்தாள். "யோசிச்சுச் சொல்லுதேன் சார்."

"சரிம்மா. ரெண்டு நாள் எடுத்துக்கோங்க."

அந்த இரண்டு நாளும் அவள் வழக்கம்போல வந்தாள் என்று ராஜகனி சொன்னாள். பிள்ளைகளுக்கு ஊட்டினாள், கழுவினாள், தொட்டிலை ஆட்டினாள். கண் மட்டும் எங்கோ இருந்தது. மூன்றாம் நாள் அவளே பிலோமினாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, வாங்க. அந்த டேப்லெட்ட எடுத்துட்டு வாங்க."

பிலோமினா போனபோது மணி பன்னிரண்டு. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். சந்தனமாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கொடுத்துவிட்டுப் போன தாள் எழுதப்படாமல் அப்படியே இருந்தது.

"நான் எழுதல" என்றாள். "நிப்பாட்டச் சொல்லிருங்க. அதுக்கு முன்னால ஒரு தடவ சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க, எதையும் விட்டுராதீய."

பிலோமினா டேப்லெட்டைத் திறந்தாள்.

"வயசு ரெண்டு வருஷம் ஒன்பது மாசம். உயரம் தொண்ணூத்தி ஒண்ணு. எடை பன்னெண்டரைக் கிலோ."

"நல்ல எடதான்."

"நல்ல எடை. பல் இருபது. ஓடுவா. ஒத்தக் கால்ல ஒரு நிமிஷம்... இல்ல, ரெண்டு செகண்ட் நிப்பா. தானா சோறு அள்ளிச் சாப்பிடுவா."

"சிந்துவாளா?"

"அது இதுல இல்ல."

"சிந்துவா" என்றாள் சந்தனமாரி. "அப்புறம்?"

"எழுநூத்து நாப்பது சொல் பேசுவா."

"என்னென்ன சொல்லுன்னு போட்டிருக்கா?"

"இல்ல மாரி. எண்ணிக்கை மட்டுந்தான்."

சந்தனமாரி கொஞ்ச நேரம் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல நாலு எனக்குத் தெரியும்க்கா," என்றாள். "அம்மா. தா. காக்கா. உப்ப உப்புன்னு சொல்ல வராது, உப்பூன்னு ஊதுவா." அவள் உதடுகள் அந்த ஒலிக்காகக் குவிந்தன. ஊதவில்லை.

டேப்லெட்டில் இணையை முடிக்கும் பக்கம் வந்தது. காரணம் கேட்டது. பிலோமினா 'கலப்பு' என்பதைத் தொட்டாள். உறுதிதானா என்று கேட்டது. அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இங்க குடுங்க," என்றாள் சந்தனமாரி. "அவ போனப்ப நான் பக்கத்துல இல்ல. பாத்தியில நின்னேன். இப்பவாவது நான் இருக்கேன்."

டேப்லெட்டை மடியில் வாங்கிக்கொண்டாள். எண்களை இன்னொரு முறை பார்த்தாள். ஈரமான கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். எண்கள் மறைந்தன. திரையில் சிப்பித்தேரியின் பெயரும் மறைந்து, அளவர் பிலோமினாவின் பணி முடிந்தது என்று ஒரு வரி வந்து நின்றது.

தொட்டிலில் ஒரு குழந்தை விழித்துச் சிணுங்கியது. ஆல்வின். சந்தனமாரி எழவில்லை; எழ முடியவில்லை. பிலோமினாதான் போய் அவனைத் தூக்கினாள். ஆறு வருடத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேரை அவள் தூக்கியிருக்கிறாள், எல்லாம் பலகையில் கிடத்துவதற்காக. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தை வைத்து மறுபடி கண்ணை மூடினான்.

அவன் எத்தனை கிலோ இருப்பான் என்று அவள் கை தானாகவே கணிக்கப் பார்த்தது. அவள் அதை விட்டுவிட்டு, சந்தனமாரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சங்கு ஊத இன்னும் வெகுநேரம் இருந்தது.  பிள்ளை தூங்கினான்.